நாற்பது கணினிக்கு ஒரே கோப்பு: டாரண்ட் எங்கே லாபம், எங்கே வீண்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலத்தில் ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி லேப் பொறுப்பாளர். 40 கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட வேண்டும். கோப்பு சுமார் 6 ஜிபி. கல்லூரிக்கு வருவது 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்றுதான். "டாரண்ட்ல போடுங்க சார், பறக்கும்" என்கிறார்கள் மாணவர்கள். ஆனால் ஏற்காட்டில் இருக்கும் அவருடைய வீட்டில் அதே டாரண்ட் ஊர்கிறது. பியர்-டு-பியர், அதாவது இறக்குகிறவர்களே தங்களுக்குள் கோப்பைப் பகிர்ந்துகொள்வது, நிஜமாகவே திறமையான முறையா, இல்லை வெறும் பேச்சா என்று கேட்கிறார். அப்லோடை நிறுத்திவிட்டால் வேகம் கூடுமா என்று கடைசியில் ஒரு துணைக் கேள்வியும் போட்டிருக்கிறார்.

சார், நீங்கள் பார்த்த இரண்டுமே சரிதான். "திறமையானதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்குத் திறமை என்று கேட்க வேண்டும். கோப்பை வெளியிடுகிறவருக்கு, இறக்குகிறவருக்கு, நடுவில் கேபிள் இழுத்து வைத்திருக்கும் இணைய நிறுவனத்துக்கு என்று மூன்று கணக்கு இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

வெளியிடுகிறவர் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வர், அதற்கு 1 ஜிபிபிஎஸ் லைன். 1,000 பேர் ஒரே நேரத்தில் 6 ஜிபி கோப்பைக் கேட்கிறார்கள். மொத்தம் வெளியே போக வேண்டியது 6,000 ஜிபி, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 48,000 ஜிகாபிட். சர்வர் நொடிக்கு 1 ஜிகாபிட் தள்ளினால் 48,000 நொடி, 13 மணி 20 நிமிடம் ஆகும். 2,000 பேர் வந்தால் அது இரட்டிப்பாகும். கூட்டம் கூடக் கூட ஒவ்வொருவரின் பங்கும் தேயும்.

இப்போது அதே 1,000 பேரும் இறக்கும்போதே ஆளுக்கு 20 எம்பிபிஎஸ் மற்றவர்களுக்கும் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். சர்வரின் 1 ஜிபிபிஎஸ்ஸோடு கூட்டத்தின் 20 ஜிபிபிஎஸ்ஸும் சேர்ந்து மொத்தக் கொள்ளளவு 21 ஆகிறது. 48,000-ஐ 21-ஆல் வகுத்தால் சுமார் 38 நிமிடம். 2,000 பேர் வந்தாலும் ஏறக்குறைய இதேதான், ஏனென்றால் கேட்க வருகிற ஒவ்வொருவரும் தன் பங்குக் கொள்ளளவைக் கூடவே கொண்டு வருகிறார். பியர்-டு-பியரின் முழு வித்தையும் இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

அதே கணக்கில் 20 எம்பிபிஎஸ்ஸை எடுத்துவிட்டு 0.5 எம்பிபிஎஸ் போட்டுப் பாருங்கள். பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்ட் காலத்தில் வீட்டு அப்லோடு அந்த ரகத்தில்தான் இருந்தது. இறக்கம் 8, 16 என்று விளம்பரம் செய்வார்கள், ஏற்றம் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டினாலே பெரிது. இப்போது மொத்தக் கொள்ளளவு 1.5 ஜிபிபிஎஸ்தான். நேரம் கிட்டத்தட்ட 9 மணி. அதாவது டாரண்டின் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் டவுன்லோடு வேகம் அல்ல, கூட்டத்தின் அப்லோடு வேகம். உங்கள் ஏற்காட்டு அனுபவத்துக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. மீதிக்குப் பிறகு வருகிறேன்.

நாம் டாரண்ட் என்று சொல்கிற பிட்டொரண்ட் முறையை பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்டபோது பியர்-டு-பியர் புதிதல்ல. 1999-லேயே நாப்ஸ்டர் வந்துவிட்டது. ஆனால் நாப்ஸ்டரில் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் ஒரே மைய சர்வரில் இருந்தது. வழக்கு வந்து அதை மூடியதும் எல்லாம் படுத்துவிட்டது. 2000-இல் வந்த நுடெல்லா மையமே வேண்டாம் என்று, "உன்னிடம் இருக்கா, உன்னிடம் இருக்கா" என்று ஒவ்வொரு தேடலையும் பக்கத்து கணினிகளுக்கெல்லாம் பரப்பியது. தேடல் சத்தத்திலேயே லைன் நிரம்பியது. கோஹன் தேடலையே விட்டுவிட்டார். தேடுவது உங்கள் வேலை, ஒரு கோப்பு எது என்று தெரிந்த பிறகு அதை ஒரு கூட்டத்துக்குள் வேகமாகப் பரப்புவது மட்டும் என் வேலை என்று வைத்துக்கொண்டார். இவ்வளவு குறுகலாக வைத்துக்கொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உங்கள் 6 ஜிபி கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டினால் சுமார் 1,430 துண்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-1 முறையில் 20 பைட் கைரேகை ஒன்று எடுத்து .டாரண்ட் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 28, 29 கேபிதான். 6 ஜிபிக்கு உத்தரவாதம் கொடுக்க ஒரு சின்னப் புகைப்பட அளவு கூடத் தேவையில்லை. துண்டுகளை அப்படியே முழுதாகக் கேட்பதில்லை. 16 கேபி, 16 கேபியாகக் கேட்கிறது. ஒவ்வொரு 16 கேபிக்கும் பிட்டொரண்ட் சேர்க்கும் தலைப்பு 13 பைட். ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. டிசிபி, ஐபி தலைப்புகள் சாப்பிடுவது இதைவிடப் பல மடங்கு, ஆனால் அது சாதாரண டவுன்லோடிலும் உண்டு. ஆகவே "டாரண்ட் நிறைய ஓவர்ஹெட், டேட்டாவைத் தின்னும்" என்று யாராவது சொன்னால், நெறிமுறையின் செலவைப் பொறுத்தவரை அது பொய். டேட்டா தீர்வது அப்லோடால். அது வேறு விஷயம்.

எந்தத் துண்டை முதலில் கேட்பது? முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்டால் எல்லோர் கையிலும் அதே முதல் பக்கங்கள்தான் இருக்கும், மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே நோட்டு கிடைத்தால் ஹாஸ்டலில் என்ன செய்வார்கள்? நோட்டைப் பிரித்து ஆளுக்குச் சில தாள் என்று ஜெராக்ஸுக்கு ஓடுவார்கள், பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். டாரண்டும் அப்படித்தான், கூடவே ஒரு விதி: கூட்டத்தில் எந்தத் துண்டு குறைவான பேரிடம் இருக்கிறதோ அதை முதலில் கேள். அரிதானது சீக்கிரம் பரவிவிடும், மூலக்கோப்பு வைத்திருப்பவர் திடீரென்று கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் முழுக்கோப்பு கூட்டத்தில் எங்காவது சிதறிக் கிடக்கும். இந்த விதியை வேறு சிக்கலான முறைகள் போட்டு மேம்படுத்தலாமா என்று 2006-இல் ஃபிரான்சின் இன்ரியா ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். இந்த எளிய விதியே போதும் என்று முடித்தார்கள்.

உங்கள் துணைக் கேள்விக்கான பதில் இதற்கு அடுத்த விதியில் இருக்கிறது. கோஹனின் வடிவமைப்பில் உங்கள் கணினி எல்லோருக்கும் ஏற்றுவதில்லை. பொதுவாக நான்கு பேருக்கு வாசலைத் திறந்து வைக்கும். அந்த நான்கு பேர் யார்? சமீபத்தில் நமக்கு அதிகம் கொடுத்தவர்கள். 10 நொடிக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைத் திருத்தும். 30 நொடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கும் சும்மா ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். புதிதாக வந்தவர் கையில் ஒன்றுமே இல்லாமல் தொடங்க முடிவது இதனால்தான். நீங்கள் அப்லோடைப் பூஜ்யமாக்கினால் எதிராளிகளின் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவீர்கள். அந்த 30 நொடித் தர்மமும், முழுக்கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஏற்றும் சீடர்களின் (seeder) தயவும்தான் மிச்சம். சீடர்கள் ஏராளமாக இருக்கும் உபுண்டு மாதிரிக் கோப்பில் இதன் வலி தெரியாது. சீடர் குறைந்த கோப்பில் உடனே தெரியும்.

ஆனால் அப்லோடை முழுக்கத் திறந்து விடுவதும் தப்பு. நீங்கள் இறக்கும் ஒவ்வொரு சில பாக்கெட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று ஒரு ஒப்புகை மேலே போக வேண்டும். ஏறும் வழி அடைத்துக்கொண்டால் அந்த ஒப்புகைகள் வரிசையில் நிற்கும், எதிர்முனை அனுப்புவதைக் குறைக்கும், இறக்கமும் விழும். வீட்டில் ஒருவர் வீடியோ காலில் இருந்தால் "லைன் போச்சு" என்று சத்தம் போடுவார். ஆகவே அளந்து பார்த்த அப்லோடு வேகத்தில் 80 சதவீதத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். இதற்காகவே யுடிபி (µTP) என்ற போக்குவரத்து முறையும் வந்தது. லைனில் தாமதம் 100 மில்லிநொடியை நெருங்கினால் தானாகவே ஒதுங்கி மற்ற வேலைகளுக்கு வழிவிடும். அதன் அடிப்படையான லெட்பேட் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை 2012-இல் சோதனைநிலை இணைய ஆவணமாகவும் (ஆர்எஃப்சி) வெளியானது. அதை ஆன் செய்தே வைத்திருங்கள்.

சரி, லேபுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

40 கணினியும் ஆளுக்கு ஒரு நேரடி டவுன்லோடு போட்டால் 240 ஜிபி அந்த ஒரே 100 எம்பிபிஎஸ் லைன் வழியாக வர வேண்டும். நொடிக்கு 12.5 எம்பி. முழு வேகம் கிடைத்தாலும் 5 மணி 20 நிமிடம். ஒரே ஒரு கணினி மட்டும் இறக்கினால் 8 நிமிடம். ஆக, முதல் கட்டளை: வெளி லைன் வழியாக ஒரு பிரதிக்கு மேல் வரக்கூடாது. மாணவர்கள் சொல்கிற மாதிரி 40 கணினியிலும் டாரண்டைத் திறந்துவிட்டால் இது தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் சர்வருக்கு ட்ராக்கர் என்று பெயர். வெளியே இருக்கும் ட்ராக்கருக்கு உங்கள் 40 பேரும் ஒரே பொது முகவரியாகத்தான் தெரிவார்கள். அது கொடுக்கும் அந்த முகவரியை வைத்து உள்ளே ஒருவரையொருவர் அடைவது பெரும்பாலும் நடக்காது. லேனுக்குள், அதாவது கல்லூரியின் உள் வலையமைப்புக்குள், பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிக்க உள்ளூர் பியர் கண்டறிதல் என்று தனி வசதி இருக்கிறது. கல்லூரி ரவுட்டரிலோ வைஃபையிலோ ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருந்தால் அதுவும் வேலை செய்யாது. பார்க்க ஜோராக இருக்கும், 40 கணினியும் வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக இழுத்துக்கொண்டிருக்கும்.

நம்பகமான வழி இது. ஒரு கணினியில் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து கோப்பை இறக்குங்கள், அவர்கள் கொடுத்திருக்கும் ஷா-256 எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு கியூபிட்டொரண்ட் என்ற டாரண்ட் மென்பொருளிலேயே அந்தக் கோப்புக்கு ஒரு புதிய டாரண்ட் உருவாக்குங்கள். அதற்குள்ளேயே ஒரு குட்டி ட்ராக்கர் இருக்கிறது. அமைப்புகளில் மேம்பட்ட பகுதியில் போய் ஆன் செய்து, அந்தக் கணினியின் லேன் முகவரியை ட்ராக்கர் முகவரியாகக் கொடுங்கள். தனிப்பட்ட டாரண்ட் என்ற கட்டத்தை டிக் செய்தால் வெளியுலகத்தோடு பேச்சே இருக்காது. அந்த .டாரண்ட் கோப்பை 40 கணினிக்கும் கொடுத்துத் திறந்தால் முடிந்தது.

இதனால் என்ன லாபம்? அது லேப் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் ஸ்விட்சைப் பொறுத்தது. சாதாரணமாக ஒரு கணினியில் ஷேர் போட்டு மற்றவர்கள் காப்பி எடுத்தால் 240 ஜிபியும் அந்த ஒரு கணினியின் ஒரு போர்ட் வழியாகப் போக வேண்டும். ஜிகாபிட் ஸ்விட்ச் என்றால் முழு வேகத்தில் 32 நிமிடம். லேபில் இன்னும் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருந்தால் மறுபடியும் அதே 5 மணி 20 நிமிடம். டாரண்டில் 40 போர்ட்டும் ஒரே நேரத்தில் கொடுக்கவும் வாங்கவும் செய்கின்றன. பழைய ஸ்விட்சில் கூடக் குறைந்தபட்ச நேரம் 8 நிமிடம். நடைமுறையில் இரட்டிப்பானாலும் கால் மணி. ஜிகாபிட்டில் சில நிமிடம்தான். அங்கே பிறகு லைன் தடையாக இருக்காது, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் தடையாக இருக்கும். துண்டுகள் முன்பின்னாக வருவதால் அதன் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால்: ஜிகாபிட் ஸ்விட்ச், 40 கணினி, வருஷத்துக்கு ஒருமுறை வேலை என்றால் டாரண்ட் அமைக்கும் நேரத்தில் ஷேர் காப்பியே முடிந்துவிடும். அலட்டிக்கொள்ள வேண்டாம். பழைய ஸ்விட்ச் என்றாலோ, எல்லா டிபார்ட்மென்ட் லேபும் சேர்ந்து 200, 300 கணினி என்றாலோ டாரண்டுக்கு இணை கிடையாது. நிறுவின ஒரு கணினியை அப்படியே பிரதி எடுத்து மற்றவற்றில் இறக்க வேண்டும் என்றால் குளோன்ஜில்லா என்ற மென்பொருளில் பிட்டொரண்ட் முறையே உண்டு, அதைப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் இதை எப்போதோ பிடித்துக்கொண்டன. 2010-இல் ட்விட்டர் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புது நிரலை அனுப்ப பிட்டொரண்ட்டைத்தான் பயன்படுத்தியது. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து அப்டேட்டைப் பக்கத்துக் கணினியிலிருந்து வாங்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது; உங்கள் லேபில் விண்டோஸ் கணினிகளும் இருந்தால் அதை ஆன் செய்து வைத்தாலே மாதாமாதம் லைன் மிச்சமாகும்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் கேபிள் போட்ட லேபுக்குத்தான். லேப்டாப்களை வைத்து வைஃபையில் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் துண்டு முதலில் ஆக்சஸ் பாயின்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடி கீழே இறங்குகிறது. அதே காற்றை இரண்டு தடவை பயன்படுத்துகிறது. போர்ட்டுகள் போல அங்கே கொள்ளளவு கூடுவதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே அலைவரிசைதான்.

இனி ஏற்காடு. சமவெளியிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு இணையம் வந்து சேர்வதே பாராட்டத்தக்கது. ஆனால் உங்கள் டாரண்ட் ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மலை அல்ல. மொபைல் இணைப்பிலும் பல வீட்டு ஃபைபர் இணைப்புகளிலும் இப்போது ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போடுகிறார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அந்த ரகம். அப்போது வெளியிலிருந்து யாரும் உங்களை அழைக்க முடியாது, நீங்கள்தான் மற்றவர்களை அழைக்க வேண்டும். எதிராளியும் அதே நிலைமை என்றால் இரண்டு பேரும் சேர்வது குதிரைக்கொம்பு. கூட்டத்தில் 50 பேர் இருந்தாலும் உங்களுக்குக் கைக்கெட்டுவது ஒரு பகுதிதான். இதற்கு மருந்து, முகவரியைப் பங்கு போடத் தேவையில்லாத புது முகவரி முறையான ஐபிவி6. இந்தியாவில் பல இணைப்புகளில் அது ஏற்கெனவே வருகிறது; ரவுட்டரிலும் டாரண்ட் மென்பொருளிலும் ஆன் செய்து பார்த்துவிடுங்கள், சில வீடுகளில் இது ஒன்றிலேயே நிலைமை மாறிவிடும்.

இன்னொன்று, இணைய நிறுவனம் கொடுக்கும் விலை குறைந்த ரவுட்டர். மென்பொருளில் இணைப்பு எண்ணிக்கை 500 என்று இருந்தால் அதன் நினைவகம் திணறிப் பிற வேலைகளும் நின்றுபோகும். 100, 150 என்று குறையுங்கள், வேகம் குறையாது.

மலையில் டாரண்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். கோடை மழையில் இடி இறங்கினால் மேலே கரண்ட் போகும். பிரவுசரில் இறக்கிக்கொண்டிருந்த கோப்பு, சர்வர் ஒத்துழைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லாவிட்டால் முதலிலிருந்து. கடைசியில் கோப்பு கெட்டிருந்தால் முழுவதும் வீண். டாரண்டில் சரிபார்த்த துண்டு எதுவும் போகாது. அரைகுறையாக நின்ற சில துண்டுகள் மட்டும்தான் நட்டம். ஒரு துண்டு கெட்டு வந்தால் அந்த 4 எம்பியை மட்டும் மறுபடி வாங்கும்.

99 சதவீதத்தில் நின்றுவிடுகிற நோய்க்கு மட்டும் மருந்தில்லை. மென்பொருளில் கிடைக்கும் தன்மை என்று ஓர் எண் காட்டும். அது 0.99 என்றால் கூட்டத்தில் எல்லோரிடமும் இருப்பதைக் கூட்டினாலும் முழுக்கோப்பு இல்லை. ஒருவராவது சீடர் திரும்பி வரும்வரை இரவெல்லாம் கணினியை ஓடவிட்டாலும் கரண்ட் பில்தான் ஏறும். பழைய, யாரும் சீண்டாத கோப்புக்கு டாரண்ட் மோசமான வழி. கூட்டம் மொய்க்கும் புதுக் கோப்புக்கு அதைவிட நல்ல வழி இல்லை. சாதாரண சர்வர் இதற்கு நேர் எதிர்.

மூன்றாவது கணக்கு, இணைய நிறுவனத்துடையது. டாரண்டுக்குத் தூரம் தெரியாது. உங்கள் பக்கத்துத் தெருக்காரரிடம் இருக்கிற துண்டை அது பிரேசிலிலிருந்து வாங்கும். அவரிடமே வாங்கினாலும் இரண்டு பேரும் வேறு வேறு நிறுவனம் என்றால், அந்தத் துண்டு பெரும்பாலும் சென்னை வரை போய்த் திரும்பித்தான் அடுத்த தெருவுக்கு வரும். 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் டாரண்ட் இணைப்புகளைப் போலிச் செய்தி அனுப்பித் துண்டித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. மறுவருஷம் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. பக்கத்தில் இருப்பவரை முதலில் தேடச் சொல்லும் ஆய்வுகள் 2008 வாக்கிலேயே வந்தன, ஆனால் பரவலாகவில்லை. அதற்குள் வீடியோ நிறுவனங்கள் நகரத்துக்கு நகரம் தங்கள் நகல் சர்வர்களை வைத்துவிட்டன. சென்னையில் இருக்கும் நகலிலிருந்து உங்களுக்கு ஒரு படம் ஓடுவது, வலையமைப்பின் பார்வையில், டாரண்டைவிடச் சிக்கனம். ஸ்பாட்டிஃபை 2014-இல் பியர்-டு-பியரைக் கைவிட்டுத் தன் சர்வர்களுக்கே திரும்பியது. காசு இருப்பவர்களுக்கு அந்த வழி. காசில்லாமல் பெரிய கோப்பை உலகத்துக்குக் கொடுக்க நினைக்கும் லினக்ஸ் குழுக்களுக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவற்றுக்கும் டாரண்ட்.

மாணவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டாரண்டில் இறக்குகிறவர் அதே கணத்தில் விநியோகமும் செய்கிறார். புதுப்படத்தைக் கல்லூரி லைனில் இழுத்தால் அது கல்லூரி முகவரியிலிருந்து மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும், அந்த முகவரி கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். லேபுக்கு நான் சொன்ன தனிப்பட்ட டாரண்டை வைத்துக்கொண்டு, ஃபயர்வாலில் வெளி டாரண்டை மூடிவிடுவது உங்களுக்கு நிம்மதி.

அப்புறம், வேலையைத் தொடங்குமுன் ஸ்விட்சின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸா ஜிகாபிட்டா என்று தெரிந்தால் ஷேர் போதுமா, டாரண்ட் தேவையா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். ஜிகாபிட் ஸ்விட்சாகவே இருந்தாலும் கேபிளில் நான்கு ஜோடியும் கிரிம்ப் ஆகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இரண்டு ஜோடி மட்டும் இணைத்திருந்தால் அந்தக் கணினி 100-லேயே நின்றுவிடும்.